நிகாஹ் போட்டோவும் கிராக் சொப்ட்வெயாரும்



ஊரில் இப்போது கல்யாண சீசன். நிகாஹ் முடிந்து மூன்று மாதமாகியும் அல்பம் வரவில்லை என்று ஒரு வீட்டில் மனக்குறை. இரவிரவாகக் கண் விழித்தும் வேலை முடியவில்லை என்று போட்டோ எடுத்த தம்பிக்குக் கவலை. இரண்டு பக்கமும் நமது பிள்ளைகள்தான்.

பாடசாலை ஊடகக் கழகத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்களிடம் இந்தத் தம்பிமார் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், ரோ பைல் எடிட் பண்ண எது நல்ல சொப்ட்வெயார்?" ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் கேள்வியே கொஞ்சம் பிழையாக இருக்கிறது என்று எங்களுக்குப் படுகிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பிள்ளைகளுக்குக் கமரா வாங்கிக் கொடுத்த பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், ரோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: கமராவின் சென்சர் பிடித்த வெளிச்சத்தை, சமைக்காத அரிசி போல அப்படியே வைத்திருக்கும் பைல் அது. ஜேபெக் என்பது கமராவே சமைத்துத் தரும் சோறு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரோவில் 16,384 படிகள். கல்யாண ஹோலில் மஞ்சள் லைட்டும் நீல எல்ஈடியும் கலந்து மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை பச்சையாகத் தெரியும்போது, ரோவில் அதைத் திருத்த இடமிருக்கும். ஜேபெக்கில் கொஞ்சம்தான் முடியும்.

இனி சொப்ட்வெயார். தெரிவு செய்வதற்கு முன்னர் மூன்று கேள்விகளை உங்களிடமே கேளுங்கள்.

முதலாவது: உங்கள் நேரம் எங்கே போகிறது?

பெரும்பாலான தம்பிமார் எடிட்டில் நேரம் போகிறது என்று நினைக்கிறார்கள். கூட இருந்து பார்த்தால், படம் பொறுக்குவதில்தான் போகிறது. ஒரு கல்யாணத்துக்கு 1200 படம் என்று வையுங்கள். ஒவ்வொரு படமும் திரையில் தெளிவாக வர நான்கு செக்கன் எடுத்தால், காத்திருப்பதற்கு மட்டும் 80 நிமிடம். அரைச் செக்கனில் வந்தால் 10 நிமிடம். இந்த வித்தியாசத்துக்குப் புது லெப்டொப் தேவையில்லை. ரோ பைலுக்குள்ளேயே கமரா ஒரு ஜேபெக் படத்தையும் வைத்திருக்கிறது. போட்டோ மெக்கானிக் போன்ற, பொறுக்குவதற்கென்றே செய்த சொப்ட்வெயார்கள் அந்த ஜேபெக்கை எடுத்துக் காட்டுவதால்தான் அவ்வளவு வேகம். அது காசுக்கு. இலவசமான டிஜிகாமிலும் உள்ளே இருக்கும் ஜேபெக்கைக் காட்டும்படி செட்டிங்கில் வைக்கலாம். அதில் ஸ்டார் போட்டுப் பொறுக்கி, 1200ஐ 300 ஆக்கிவிட்டு, அந்த 300ஐ மட்டும் எடிட்டுக்குக் கொண்டு போங்கள்.

எடிட்டிலும் ஒவ்வொரு படமாகத் தொடாதீர்கள். ஒரே லைட்டில் எடுத்த படங்களில் ஒன்றைச் சரிசெய்து, அந்தத் திருத்தத்தைக் கொப்பி பண்ணி மற்ற எல்லாவற்றுக்கும் ஒட்டுங்கள். லைட்ரூம், கப்சர் ஒன், டார்க்டேபிள், ரோதெரபி எல்லாவற்றிலும் இது இருக்கிறது. பிறகு முகம் இருட்டான ஏழெட்டுப் படங்களைத் தனியாகப் பாருங்கள்.

இரண்டாவது: நாளைக்கு இந்த சொப்ட்வெயாரை விட்டால், செய்த வேலை உங்களோடு வருமா?

ரோ எடிட்டர்கள் மூலப் படத்தைத் தொடுவதில்லை. "இவ்வளவு வெளிச்சம் கூட்டு, இங்கே வெட்டு" என்ற குறிப்பைத்தான் எழுதி வைக்கின்றன. அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். டார்க்டேபிள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்ன பைலை எழுதுகிறது. ரோதெரபி பிபி3 பைல் எழுதுகிறது. லைட்ரூம் கிளாசிக் எல்லாவற்றையும் தனது கெடலொக்கில் வைக்கிறது. எக்ஸ்எம்பியிலும் தானாக எழுதும்படி நாம்தான் செட்டிங்கைப் போட வேண்டும். கெடலொக் பழுதாகி, பேக்கப்பும் இல்லாவிட்டால், அந்த செட்டிங் போடாதவரின் உழைப்பு போய்விட்டது. மாதச் சந்தா முடிந்தாலும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் எடிட் செய்யும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் மாட்டுவது வேறு.

மூன்றாவது: அது உங்கள் கைக்கு எப்படி வந்தது?

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினோம்.

நாங்கள் பார்த்த லெப்டொப்புகளில் பலவற்றில் இருப்பது கிராக் வேர்ஷன். யாரோ பெண்டிரைவில் கொடுத்தது, ஏதோ தளத்தில் இறக்கியது. "எல்லோரும் பாவிக்கிறார்கள்தானே சேர்" என்பார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பதிப்புரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத் மதிக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. நாட்டுச் சட்டத்திலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. ஹலாலான ஒரு நிகாஹில் உழைக்கும் காசை, பிறர் உரிமையை எடுத்து உழைக்கலாமா? பத்வா கொடுக்க நாங்கள் ஆள் இல்லை. உங்கள் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள். ஆனால் கேட்காமலே இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிராக் போடும்போது அது முதலில் என்ன கேட்கும்? "ஆன்டிவைரஸை நிறுத்து." அதாவது வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முகம் தெரியாத ஒருவனை உள்ளே கூப்பிடுகிறோம். எங்களிடம் படித்த ஒரு தம்பியின் லெப்டொப்பில் இது நடந்தது. காலையில் திறந்தால் எல்லா பைலின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புது வால். ஒன்றும் திறக்கவில்லை. காசு கேட்டு ஒரு குறிப்பு. இரண்டு கல்யாணத்தின் படங்கள் அதில்தான் இருந்தன, வேறு கொப்பி இல்லை. அந்த வீட்டாருக்கு முகம் கொடுக்க முடியாமல் அவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

படம் அழிந்தது ஒரு நட்டம். களவு போயிருந்தால்? பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள், மணமகள் ஹிஜாப் இல்லாமல் தன் வீட்டாருக்காக மட்டும் எடுத்துக்கொண்ட படங்கள், எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்கில்தானே? ஒரு குடும்பம் நம்மை நம்பித் தந்த அமானிதம் அது. இதற்காகவே தங்கச்சிமார் சிலர் கமரா பழகி வந்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களிடமும் இதையே சொல்கிறோம்: எடுத்தது பெண் என்பது மட்டும் போதாது, வைத்த இடமும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கினாலும் பார்த்து வாங்குங்கள். லைட்ரூமில் இரண்டு வகை உண்டு. கிளாசிக் படங்களைக் கணினியிலேயே வைக்கும். மற்றது படங்களை இணையத்தில் ஏற்றி வைப்பதற்கென்றே செய்யப்பட்டது. எதைத் திறக்கிறோம் என்று தெரியாமல் மணமகளின் படத்தைப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

பழகுகிறவர்கள், மாணவர்கள்: டிஜிகாமில் பொறுக்கி, டார்க்டேபிளிலோ ரோதெரபியிலோ எடிட் செய்யுங்கள். மூன்றும் சட்டப்படி இலவசம், மூன்றும் விண்டோஸிலும் ஓடும். டார்க்டேபிள் கிரபிக்ஸ் கார்ட் இருந்தால் வேகமாக ஓடும், பழைய லெப்டொப்பில் இழுக்கும். "கஷ்டம் சேர்" என்பது உண்மைதான். எங்களுக்கும் முதல் இரண்டு வாரம் தலை சுற்றியது. எல்லா மொடியூலையும் திறக்காதீர்கள். வைட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், சிக்மொய்ட், குரொப் என்ற நான்கோடு தொடங்குங்கள். அதுவும் வேண்டாம் என்றால், கெனனுக்கு டிபிபி, நிக்கோனுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று கமராக் கம்பனிகளே இலவசமாகத் தருகின்றன. கமரா காட்டிய நிறம் அப்படியே வரும்.

தொழிலாகச் செய்கிறவர்கள்: உங்களுக்கு லைட்ரூம்தான் கைக்கு வருகிறது என்றால் அதையே காசு கொடுத்து எடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது சந்தா கட்டியவர்கள் பட்ட கஷ்டத்தை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் கணக்குப் போடுங்கள். இன்றைய மாதச் சந்தாவை ரூபாயாக்கி, பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். லென்ஸுக்குக் கொடுப்பதை விடக் குறைவு. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினால் எடிட்டை ஒரு கணினியில் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். ஒரு சந்தா போதும்.

எல்லாவற்றையும் ரோவில் எடுக்கவும் தேவையில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு நாங்கள் ஜேபெக்தான் எடுக்கிறோம். பகல் வெளிச்சம், அன்று மாலையே வட்ஸ்அப் குழுமத்துக்குப் போக வேண்டிய படம். ரோ ஒன்று 30 எம்பி என்றால் 1200 படம் 36 ஜிபி. அதைச் சுமக்க வேண்டிய இடத்தில் மட்டும் சுமப்போம்.

எந்த சொப்ட்வெயாராக இருந்தாலும், மெமரி கார்டை அழிப்பதற்கு முன்னர் இரண்டு தனித்தனி டிஸ்கில் கொப்பி. ஒன்று லெப்டொப்போடு தொடுத்தே இருக்கக் கூடாது.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "படம்தானே, பட்டனை அமத்தினால் சரி" என்று அடிமட்ட விலை பேசிவிட்டு, அந்தப் பிள்ளை நேர்மையாகத் தொழில் செய்யவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. அடுத்த தடவை பேசும்போது விலையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: "தம்பி, எங்கட படத்தை எதில் வைக்கிறீங்க? வேலை முடிஞ்ச பிறகு என்ன செய்வீங்க?" இதற்கு நேராகப் பதில் சொல்கிற பிள்ளைக்கு ஐயாயிரம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

கிராக்கை அழித்துவிட்டு வர விரும்புகிற தம்பி தங்கச்சிமார் லெப்டொப்போடு பாடசாலைக்கு வாருங்கள். எங்களுக்குத் தெரிந்ததை இருந்து காட்டித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். எங்களை விட நன்றாகத் தெரிந்தவர்களும் ஊரில் இருக்கிறீர்கள். நீங்களும் வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

அல்லாஹ் நமது உழைப்பில் பரக்கத் செய்வானாக.