பொதுச் சொற்பொழிவு யாருக்குப் பொது?

பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் நடத்தும் பொதுச் சொற்பொழிவு, பயிலரங்கு பற்றி அடிக்கடி செய்தி படிக்கிறோம். 'அனைவரும் வருக' என்கிறது அழைப்பிதழ். ஆனால், பெரும்பாலும் நடப்பது வேலை நாளில், பகல் நேரத்தில், ஆங்கிலத்தில். நடவுக்கும் கட்டட வேலைக்கும் போகிற நம் மக்கள் எப்படி வருவார்கள்?

வராவிட்டால் என்ன நட்டம்? பஞ்சமி நிலத்தையே எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் அறிக்கை அளித்தார். அதையொட்டி 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பிற சமூகத்தவருக்கு அதை விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. ஆனாலும் எத்தனையோ ஊர்களில் அந்த நிலம் கைமாறிக் கிடக்கிறது. மீட்கக் கோரி மனு கொடுத்தால், முதலில் கேட்பது 'ஆதாரம் எங்கே?' என்றுதான்.

ஆதாரம் பழைய நிலப் பதிவேடுகளில் இருக்கிறது. அரசாணைகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இவற்றைத் தேடவும் படிக்கவும் பயிற்சி பெற்றவர்கள் வரலாற்றுத் துறையினர். அந்தப் பயிற்சி நமக்கும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையில், தாலுகா ஊர்களில், தமிழில் பயிலரங்கு நடத்தட்டும். 'அ' பதிவேட்டைப் படிப்பது எப்படி, நகல் கேட்டு விண்ணப்பிப்பது எப்படி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரட்டும். மாணவர்களும் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். விடுதி மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து துறைத் தலைவரிடம் இந்தக் கோரிக்கையை மனுவாகக் கொடுக்கலாம்.

பாட்டன் பெயரில் இருந்த நிலத்தின் சர்வே எண்ணைப் பேத்தி கண்டுபிடித்தால், அந்தச் சொற்பொழிவு நமக்கும் பொதுதான்.