தாது வருஷப் பஞ்சத்தின் படங்கள்: வேடிக்கை பார்க்கவா, விசாரணை நடத்தவா?

“சரித்திரத்தின் அரிய படங்கள்” என்று பெயர் சூட்டிச் சில பழைய போட்டோக்களைக் கைபேசியில் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். திருத்தணிக் கடைவீதிக்கும் அவை வந்துவிட்டன. டில்லி தர்பார், யானை அம்பாரி, துரைமார் சுட்டு வீழ்த்திய புலி, புகை கக்கும் ரயில் இஞ்சின். இவற்றின் நடுவே, எலும்பும் தோலுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆண், பெண், குழந்தைகளின் படம் ஒன்று. அடியில் “சென்னை மாகாணம், 1877” என்று ஒரே ஒரு வரி. பார்ப்பவர் “ஐயோ பாவம்!” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்.

இப்படிப் போய்விட வேண்டும் என்பதுதான் அந்த ஒரு வரியின் நோக்கம். அது விளக்கமல்ல, மூடுதிரை!

படம் பிடித்தவர் யார்?

அந்தப் பஞ்சப் படங்களைப் பிடித்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. சென்னைக் குதிரைப் படையைச் சேர்ந்தவர். அந்தக் காலத்துக் காமிரா ஓடுகிறவனைப் படம் பிடிக்காது. எதிரே இருப்பவர் அசையாமல் இருந்தாக வேண்டும். படத்தை நன்றாகப் பாருங்கள். பட்டினியால் நிற்கவும் முடியாத மக்களை வரிசைப்படுத்தி, விலா எலும்பு தெரியும்படி உட்கார வைத்து, கல்யாண வீட்டுப் படம் போல எடுத்திருக்கிறார். இவர்களைப் படம் பிடித்தாரே ஒழிய உதவவில்லை என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு.

இதே ஹூப்பர்தான் 1886-ல் பர்மாவில் மாந்தளை நகரில் ராணுவப் போலீஸ் தலைவராக இருந்தார். பர்மியர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றபோது, துப்பாக்கி குறி பார்க்கும் கணத்தைப் படம் பிடிக்கக் காமிராவோடு நின்றார். சங்கதி வெளிவந்து, பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே சந்தி சிரித்தது. அடிமை நாட்டு மனிதனின் சாவு ஏகாதிபத்தியத்துக்கு ஒரு காட்சிப் பொருள். மாந்தளையில் அது அம்பலமாயிற்று. நம் நாட்டில் அது “அரிய படம்” ஆயிற்று!

படத்தில் இல்லாதவர்கள்

1876-ல் மழை பொய்த்தது. வடாற்காடு, செங்கற்பட்டு, சேலம், கடப்பை, கர்நூல், பல்லாரி ஜில்லாக்கள் காய்ந்தன. திருத்தணி அப்போது வடாற்காடு ஜில்லாவில் கார்வேட்நகர் ஜமீனுக்கு உட்பட்ட ஊர். தமிழன், தெலுங்கன் என்ற எல்லையைப் பஞ்சம் பார்க்கவில்லை. தென்னாட்டிலும் பம்பாய் மாகாணத்திலுமாக ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

வானம் பொய்த்ததுதான் காரணமா? மழை இல்லாவிட்டால் பயிர் கருகும், உண்மை. ஆனால் மனிதன் சாக வேண்டியது ஏன்? 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி பர்மா அரிசியை இறக்குமதி செய்து ஜனங்களைக் காப்பாற்றினார். அதற்குப் பரிசு என்ன? “வீண் செலவு” என்ற கண்டனம்! அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட அதே டெம்பிளை 1877-ல் வைசிராய் லிட்டன் பிரபு சென்னைக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் நாள் முழுவதும் மண் சுமப்பவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னைச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உயிரைத் தாங்காது என்று போராடினார். மாதக் கணக்கில் ஜனங்கள் வாடி வதங்கிய பிறகே கூலி கொஞ்சம் உயர்ந்தது.

சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபு தானியம் வாங்கி வைக்க முயன்றார். வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்று லிட்டன் சர்க்கார் சீறியது. ஆனால் கோதுமை மட்டும் தடையில்லாமல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1877 ஜனவரி 1-ந் தேதி டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்து தர்பார் நடத்தினார்கள். விருந்து நாள் கணக்கில் நடந்தது. தர்பார் படமும் பஞ்சப் படமும் ஒரே காலத்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விஷயம் விளங்கும். அதனால்தான் தனித்தனியாகக் காட்டுகிறார்கள்!

“ரயில் கொடுத்தானே வெள்ளைக்காரன்” என்று சில மேதாவிகள் இன்றும் பாடுகிறார்கள். சென்னையிலிருந்து அரக்கோணம், திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பை வழியாக ராய்ச்சூர் போகும் பாதை 1871-லேயே முடிந்துவிட்டது. பஞ்சம் பிடித்த கடப்பைக்கு நம் மலையடிவாரத்தின் வழியாகவே ரயில் ஓடியது. ஜனங்களைக் காப்பாற்ற அந்த ரயில் போதவில்லையே! தண்டவாளம் இருந்தது; கூலிக்காரன் கையில் தானியம் வாங்கக் காசு இல்லை. சர்க்காருக்கு மனமும் இல்லை.

இன்னொரு காமிரா

1943-ல் வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். “பஞ்சம்” என்று பிரகடனம் செய்யவே சர்க்கார் மறுத்தது. அப்போது நமது கட்சியின் பொதுச் செயலாளர் தோழர் பி. சி. ஜோஷி, சுனில் ஜானா என்ற இளைஞரைக் காமிராவுடன் கிராமங்களுக்கு அழைத்துப் போனார். அந்தப் படங்கள் கட்சியின் ‘பீப்பிள்ஸ் வார்’ பத்திரிகையில் வந்தன. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையும் 1943 ஆகஸ்டு 22-ல் படங்களை வெளியிட்டுச் சர்க்காரின் மௌனத்தை உடைத்தது. ஓவியர் சித்தப்பிரசாத் வரைந்த பஞ்சச் சித்திரங்களின் புத்தகத்தைச் சர்க்கார் பறிமுதல் செய்து அழித்தது. படத்துக்குச் சர்க்கார் பயந்தது. ஏன்? கூடவே காரணமும் சொல்லப்பட்டது; பதுக்கல்காரனும் சர்க்காரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள்.

காமிராவில் குற்றமில்லை. அது யார் பக்கம் நின்று பார்க்கிறது என்பதே கேள்வி. 2021-ல் மத்திய சர்க்கார் நூறு நாள் வேலைத் தளங்களுக்கும் காமிராவைக் கொண்டு வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாத் தளங்களிலும் நாளைக்கு இரண்டு முறை தொழிலாளரைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சிக்னல் இல்லாமல் படம் ஏறாத நாளில் கூலி போயிற்று என்று நாடெங்கும் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். டெம்பிள் அன்று ஏழையிடம் கேட்டது இதுதான்: “நீ உண்மையில் பட்டினிதானா? நிரூபி!” மண்வெட்டி பிடித்த கிழவியை வெயிலில் நிறுத்திப் படம் கேட்டவர்களும் அதையேதான் கேட்டார்கள். காண்டிராக்டர் பில்லுக்கு இந்தச் சோதனை உண்டா?

ஆகவே, தோழர்களே! இந்தப் படங்களை ஒதுக்க வேண்டாம், கைப்பற்றுங்கள். பள்ளிக்கூடத்திலும் நூலகத்திலும் மாட்டச் சொல்லுங்கள். தர்பார் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். படம் பிடித்தவன் யார், கூலி எவ்வளவு, தானியம் எங்கே போயிற்று, தடுத்தவன் யார் என்ற நாலு வரிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் அடியில் எழுதுங்கள். அந்தப் படத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயரை எவனும் குறித்து வைக்கவில்லை. அவர்களைக் கொன்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவற்றை உரக்கச் சொல்லுவோம்!