பூட்டு மட்டும் போதுமா?

"திருடுகிறார்கள், எங்கள் படத்தைத் திருடுகிறார்கள்!" கோடம்பாக்கத்திலே இந்தக் கூக்குரல் இன்று நேற்று எழுந்ததல்ல. கேசட்டாக வந்தது திருட்டு, குறுந்தகடாக மாறிற்று, இன்று கைப்பேசிக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. திருட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை நாம். விளக்கைத் தூக்கியவன், சாரம் கட்டியவன், சாப்பாடு சுமந்தவன், அத்தனை பேர் வியர்வையும் அந்தப் படத்திலே இருக்கிறது.

ஆனால், மருந்து என்ன? சட்டம், இன்னும் சட்டம் என்றனர் படமுதலாளிகள். கிடைத்தது. 2004இல் தமிழக அரசு, வீடியோ திருடர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2023இல் டில்லி சட்டம் திருத்திற்று: கொட்டகையில் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதமோ 3 லட்ச ரூபாய்க்குக் குறையாது, படச் செலவில் நூற்றுக்கு 5 வரை போகும். பூட்டு பெரிதாயிற்று, திருட்டு நின்றதா? ஒரு தளத்தை முடக்கினால், வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது!

பூட்டு மட்டும் போதாது, வாசலையும் திறக்கவேண்டும் என்று உணர்ந்தவர்களும் அதே கலையுலகில் இருந்தனர். 'விஸ்வரூபம்' படத்தைக் கொட்டகைக்கு முன்பே, கட்டணம் பெற்று, வீட்டுத் தொலைக்காட்சியில் காட்ட 2013இல் முனைந்தார் கமல்ஹாசன். கொதித்தனர் கொட்டகைக்காரர்கள், நின்றது திட்டம். 2015இல் படத்தைக் குறுந்தகடாக வீட்டுக்கே அனுப்பிப் பார்த்தார் இயக்குநர் சேரன். தனி மரம் தோப்பாகவில்லை.

வந்தது 2020. கொரோனா கொட்டகைகளைப் பூட்டிற்று. மே 29ஆம் நாள் சூர்யாவின் நிறுவனம் 'பொன்மகள் வந்தாள்' படத்தை நேரே இணையத்தில் வெளியிட்டது. "இனி உங்கள் படத்தைத் திரையிடமாட்டோம்" என்று முன்னரே மிரட்டினர் கொட்டகைக்காரர்கள். அஞ்சவில்லை; நவம்பரிலே 'சூரரைப் போற்று' படமும் அவ்வழியே வந்தது. இன்றோ, இணையத்துக்கு விற்கும் தொகையை முதலிலேயே வரவில் எழுதுகிறார்கள்! 2013இலே குற்றம், இன்று கொள்முதலா? கேட்கிறோம் நாம்.

இன்னொன்றும் கேட்கிறோம். உரிமை, உரிமை என்கிறீர்களே, யாருடைய உரிமை? காசு கொடுத்து எழுதச் சொன்ன பாட்டு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படமுதலாளிக்கே சொந்தம் என்று 1977இல் தீர்ப்பளித்தது உச்சநீதிமன்றம். கொட்டகைக்கு வெளியே அந்தப் பாட்டு ஈட்டும் தொகையில், எழுதியவனுக்கும் இசையமைத்தவனுக்கும் பறிக்கமுடியாத பங்கு தர 2012இல் ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டு! அதுவரை எங்கே போயிற்று இந்த உரிமைக் குரல்?

மனைவி மக்களோடு படம் பார்க்கப் புறப்படும் தொழிலாளி, நுழைவுச் சீட்டுக்கும் தின்பண்டத்துக்கும் கூலியை எண்ணிப் பார்த்துத் தயங்குகிறான். அவனைத் திருடன் என்று ஏசுவது எளிது. அவனால் கொடுக்கமுடிந்த விலைக்கு நேர்வழி காட்டுவதே அறிவுடைமை.

திருடனைப் பிடியுங்கள், தடுக்கவில்லை நாம். ஆனால், நேர்மையானவனுக்கு வாசலைத் திறவுங்கள். உழைத்தவனுக்குப் பங்கைக் கொடுங்கள். அப்போது, உங்கள் படத்துக்கு நாட்டு மக்களே காவல் நிற்பார்கள்!