ஊசி கொடுத்தாற் போதுமா?

“ஏழு வயதுப் பிள்ளைக்குச் சலரோகமாம்!” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முதலில் நம்ப மறுக்கிறார். நம்பியதும், “இனிப்பை அள்ளி அள்ளிக் கொடுத்திருப்பார்கள்” என்று பெற்றவளைப் பழிக்கிறார். படித்தவர் வீட்டு முற்றத்திலும் இதே பேச்சுத்தான்; தோட்டக்காரர் வீட்டுத் திண்ணையிலும் இதே பேச்சுத்தான். இந்த அறியாமைக்கு எதிராகவே இன்று எழுதப் புகுந்தோம். இதனினும் பெரிய குற்றவாளி ஒருவரும் உளர். அவரிடம் பின்னர் வருவோம்.

பிள்ளைகளைப் பற்றுகின்ற சலரோகம், அப்பு ஆச்சிமாருக்கு வருகின்ற சீனி வருத்தம் அன்று. மருத்துவர்கள் இதனை முதலாம் வகை நீரிழிவு என்பர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறி, சதையியில் இன்சுலினைச் சுரக்கின்ற கலங்களை அழித்துவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்தால் உழவன் யாரை நோவான்? தாய் கொடுத்த இனிப்பினால் இது வந்ததில்லை. தந்தை செய்த பாவத்தாலும் வந்ததில்லை. வந்தபின் எஞ்சியிருப்பது ஒரே வழி: வாழ்நாள் முழுவதும், ஒவ்வொரு நாளும், இன்சுலினை ஊசிமூலம் ஏற்றுதல்.

பிள்ளை ஓயாது தண்ணீர் கேட்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். படுக்கையை நனைக்கும் வயதைத் தாண்டியது மறுபடியும் நனைக்கும். உண்டும் மெலியும். இவற்றைக் கவனியாது விட்டால் வாந்தியும் வயிற்றுக்குத்தும் பெருமூச்சும் தொடங்கும். இரத்தம் அமிலப்பட்டு நினைவு தப்பும். அந்நிலையில் “கிருமி” என்றும் “செமியாக்குணம்” என்றும் ஏதோவொரு பாணியைக் கொடுத்து ஒரு பகலைப் போக்கிவிட்டால், அப்பகலோடு பிள்ளையும் போகக்கூடும். விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தம் ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடும். அந்த ஒரு துளியை எடுத்துப் பார்க்காத காரணத்தால் ஒரு பிள்ளை மடிவதை விதி என்று யாரேனும் சொல்வாராயின், அவரை நாம் மன்னிக்க ஆயத்தமாக இல்லை.

1922க்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைக்கு மருத்துவம் என்று ஒன்று இருந்ததில்லை. பட்டினி போட்டுச் சில மாதங்களை நீட்டினர், அவ்வளவே. 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அம்மருந்து முதன்முதலாக ஏற்றப்பட்டது, அவன் பிழைத்தெழுந்தான். கண்டுபிடித்தோர் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குப் பெயரளவில் ஒவ்வொரு டொலருக்கு விட்டுக்கொடுத்தனர். அவர்கள் விட்டுக்கொடுத்த அந்த மருந்தின் உலகச் சந்தையில் மிகப் பெரும் பகுதி பின்னாளில் மூன்று கம்பனிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அது வேறு கதை. இன்னொரு நாள் எழுதுவோம்.

இனி அரசாங்கத்திடம் வருவோம்.

இந்நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் இன்சுலின் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இதனை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. அயல்நாடுகள் பலவற்றில் இவ்வசதி இல்லை. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி, அத்தியாவசிய மருந்துகளை மலிவாக வாங்கும் வழியைக் காட்டிய பேராசிரியர் சேனக்க பிபிலேயைத் தமிழரும் நன்றியோடு நினைக்கத்தான் வேண்டும். ஆயினும் கேட்கிறோம்: ஊசி கொடுத்தாற் போதுமா? விதைநெல்லைக் கையிற் கொடுத்துவிட்டு மதகை மூடிவைப்பவனை விவசாயி வள்ளல் என்று போற்றுவானா?

இன்சுலினை அளவறிந்து ஏற்ற வேண்டும். கூடினால் இரத்தத்திற் சீனி விழுந்து பிள்ளை மயங்கும். குறைந்தால் சீனி ஏறிக் காலப்போக்கிற் கண்ணையும் சிறுநீரகத்தையும் தின்னும். அளவறிய வேண்டுமானால் நாளொன்றுக்கு நான்கு தடவையாவது விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். நான்கு ஊசி, நான்கு குத்து, ஆண்டொன்றுக்கு 2,920. ஏழு வயதில் நோய் கண்ட பிள்ளை பதினெட்டைத் தொடும்போது முப்பத்தீராயிரத்துக்கு மேற்பட்ட குத்துகளைத் தாங்கியிருக்கும். இத்துணைப் பொறுமை நம் மந்திரிமாருக்கு உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுப் பயனில்லை என்பதால் விடுகிறோம்.

அந்தச் சோதனைப் பட்டிகளைப் பெரும்பாலான குடும்பங்கள் கடையிலே காசு கொடுத்துத்தான் வாங்குகின்றன. ஐம்பது பட்டி கொண்ட பெட்டி பன்னிரண்டு நாளிலே தீர்ந்துபோகும். மாதச் சம்பளக்காரர் முணுமுணுத்துக்கொண்டு வாங்கிவிடுவார். வெங்காயத்தின் விலை விழுந்த மாதத்தில் தோட்டக்காரர் என்ன செய்வார்? நான்கு தடவையை இரண்டாக்குவார், இரண்டை ஒன்றாக்குவார், பின்னர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே மருந்தின் அளவைத் தீர்மானிப்பார். இருட்டிலே வாய்க்காலைத் திருப்புவது போன்ற வேலை இது.

அடுத்தது குளிர். திறவாத இன்சுலின் குப்பியை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையிலே வைத்திருத்தல் வேண்டும். திறந்தபின் கடும் வெயில் படாத அறையில் ஏறக்குறைய நான்கு கிழமை தாங்கும். அதுவும் வெப்பம் 30 பாகையைத் தாண்டாதிருந்தால். சித்திரை வைகாசியில் வன்னியிலும் குடாநாட்டிலும் எந்தக் கூரையின் கீழ் வெப்பம் 30க்குள் நிற்கிறது? 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தது. அக்காலத் தாய்மார் ஈரமணலிலே மண்முட்டியைப் புதைத்து, அதற்குள் குப்பியை வைத்து, நாளுக்கு இருமுறை நீர் தெளித்துக் காத்தனர். மண்ணிற் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். அந்த அறிவு நம் பெண்களிடம் இருந்தது. அது போர்க்காலம் என்று சமாதானம் சொல்வார்கள். 2022 மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரத்தை வெட்டினார்களே, அது எந்தப் போர்?

அந்த ஆண்டை மறந்துவிடலாகாது. சில மாதங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிற்று. இறக்குமதியாகும் பட்டியும் ஊசியும் அதனோடு ஏறின. வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. எரிபொருள் வரிசையிலே நாட்கள் கழிந்தமையாற் கிளினிக் நாள் தவறிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 2021இல், இரசாயனப் பசளையை ஒரே அறிவித்தலில் நிறுத்தி விவசாயியின் வயிற்றில் அடித்தவர்களும் இதே ஆட்சியாளர்களே. பசளையின்றிப் பயிர் குறைவாக விளையும். அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். இன்சுலின் இல்லாத பிள்ளைக்கு அடுத்த போகம் இல்லை.

இவற்றையெல்லாம் யாரிடம் முறையிடுவது? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணத்துக்குக் கொடுத்தது. ஆனால் எந்த மருந்தை, எவ்வளவு, எப்போது வாங்குவது என்பது பெரும்பாலும் கொழும்பிலேயே தீர்மானமாகிறது. 2013இல் நாம் வாக்களித்து அமைத்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கேள்வி கேட்க ஓர் உறுப்பினரும் இல்லை. பதில் சொல்ல ஒரு மாகாண மந்திரியும் இல்லை. ஆளுநரின் கந்தோருக்கு மனுக்கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குப் பெயர் அதிகாரப் பகிர்வா?

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1956இன் அநீதியை 1987இல் திருத்தியதாகச் சொல்கிறார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பிலே எழுதிவைத்திருக்கிறார்கள். மலையகத்துத் தோட்டத்திலிருந்து இறங்கிவரும் தாய், “பத்து அலகு காலை, ஆறு அலகு மாலை” என்பதைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டால், எழுதித் தரக்கூடியவர் கிளினிக்கில் இருக்கிறாரா? பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழையோடு தமிழை எழுதிவைப்பது சுலபம். மருந்தின் அளவில் நேரும் பிழையோ பெயர்ப்பலகைப் பிழை போன்றதன்று.

இவ்வளவும் அரசாங்கத்தின் கணக்கு. நம் கணக்கையும் பார்க்க வேண்டாவா?

எமக்குத் தெரிந்த ஒரு மாணவி, வயது பன்னிரண்டு. தந்தை நெல் விதைப்பவர். அவள் படித்த பாடசாலை தமிழர் நடத்தும் தமிழ்ப் பாடசாலை. நோயைப் பற்றிச் சொல்லியபோது அதிபர், “ஏதேனும் நேர்ந்தாற் பாடசாலை பொறுப்பன்று” என்று பெற்றோரிடம் கடிதம் வாங்கிக்கொண்டார். மதிய ஊசியைப் போட இடம் கேட்டபோது மலசலகூடத்தைக் காட்டினார்கள். சிறுமி வெட்கப்பட்டு மதிய ஊசியைத் தவிர்க்கத் தொடங்கினாள். மூன்றாம் கிழமை வைத்தியசாலையில் நினைவின்றிக் கிடந்தாள். மீண்டபின், நாள்தோறும் பதினொன்றரை மணிக்குத் தாய் பஸ் ஏறிவந்து படலையடியில் வேப்பமரத்தின் கீழ் காத்திருந்து ஊசி போட்டுவிட்டுத் திரும்பினாள். களை பிடுங்கும் காலத்தில் அவளுடைய கூலி முழுவதும் அந்த மரத்தடியில் அழிந்தது. இதைச் செய்தது கொழும்பு அன்று. நம்மவர்.

ஓர் ஆசிரியர் அறியவேண்டியது மிகச் சிறிது. பிள்ளையின் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறினால் அது குறும்பன்று, சீனி விழுந்துவிட்டது. தேக்கரண்டியால் மூன்று அளவு சீனியை நீரிற் கரைத்துப் பருகக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதனையும் இடாது வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். இதனைக் கற்க அரை மணிநேரம் போதும். புலமைப்பரிசிற் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் செய்ய இரவு முழுதும் விழித்திருக்கும் நம் ஆசிரியர்களுக்கு அந்த அரை மணிநேரம் கிடையாதா?

இங்கிலாந்திலே 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 100ஆம் பிரிவு, நோயுள்ள மாணவருக்கு வேண்டிய ஒழுங்குகளைச் செய்வதைப் பாடசாலைகளின் கடமையாக்கியிருக்கிறது. நம் உறவினர் பலருடைய பிள்ளைகள் இலண்டனில் அந்தச் சட்டத்தின் நிழலிலே படிக்கின்றனர். அதே உறவினர் ஊருக்கு வந்து பழைய பாடசாலைக்கு வளைவும் மணிக்கூண்டும் கட்டிக் கொடுத்துத் தம் பெயரைக் கல்லிற் பொறித்துச் செல்கின்றனர். ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டியில் பெயர் பொறிக்க இடம் போதாது போலும்.

இன்னொரு கொடுமை, மறைத்தல். பெண்பிள்ளையாயின் நோயை மறைப்பதே குடும்பத்தின் முதல் வேலையாகிவிடுகிறது. கலியாணச் சந்தையிலே விலை போகாதாம். மறைத்த நோய்க்கு ஒழுங்கான மருந்து ஏது? உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்தில் ஊசியை எடுக்க அஞ்சி, கொடுத்த பலகாரத்தையும் மறுக்க அஞ்சி அந்தப் பெண் இருந்துவிடுகிறாள். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பெண் படிக்கலாம், உழைக்கலாம், நலமான பிள்ளையைப் பெறலாம். ஆண்பிள்ளையை விளையாட்டுத் திடலிலிருந்து விலக்கிவைப்போர் வசீம் அக்ரமைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1997இல் இதே நோய் அவருக்குக் காணப்பட்டது. 2003 உலகக் கிண்ணப் போட்டியிலே தம் 500ஆவது ஒருநாள் விக்கெற்றை வீழ்த்தினார்.

“வேரோடு தீர்ப்போம், ஊசியை நிறுத்துங்கள்” என்று துண்டுப்பிரசுரம் அடித்துப் பணம் பறிப்போரும் நம்மிடையே உளர். சித்த வைத்தியத்தை இகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை; முறையாகக் கற்ற சித்த வைத்தியர் எவரும் இப்பிள்ளைகளின் இன்சுலினை நிறுத்தச் சொல்லமாட்டார். சொல்பவன் வைத்தியன் அல்லன். அவனைப் பொலிசாரிடம் ஒப்படைப்பதில் நம் வழக்கறிஞர்கள் முன்னிற்க வேண்டும்.

நாம் கேட்பவை அரசாங்கத்தைத் திவாலாக்கும் காரியங்கள் அல்ல. அதனை அவர்கள் 2022இலேயே எவருடைய உதவியுமின்றிச் செய்துகொண்டார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு நோயாளிப் பிள்ளைக்கும் இன்சுலினோடு சோதனைப் பட்டியையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். தூர ஊர்ப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கு இழுத்தடியாமல், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் தமிழிற் பேசும் தாதியரோடு பிள்ளைகளுக்கெனத் தனிக் கிளினிக் நாள் ஒதுக்க வேண்டும். வளர்ந்த பிள்ளையை ஒரே நாளிலே முதியோர் வரிசையின் கடைசியிற் கொண்டுபோய் நிறுத்தாமல், பழகிய வைத்தியரே கைப்பிடித்து ஒப்படைக்க வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தைப் போன்ற கடமையொன்று இந்நாட்டுப் பாடசாலைகளுக்கும் சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும். வாக்குக் கேட்டு வருகின்றவர் எக்கட்சியினராயினும், பொன்னாடை போர்த்துமுன் இவற்றுக்கு அவரிடம் பதில் கேளுங்கள்.

பாடசாலைகளின் விடயத்திலோ கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தவணை தொடங்குமுன் உங்கள் ஊர் அதிபரிடம் செல்லுங்கள். ஊசி போடச் சுத்தமான ஓர் அறை, அலுமாரியில் ஒரு போத்தல் சீனி, பயிற்சி பெற்ற இரண்டு ஆசிரியர், பரீட்சை மண்டபத்திற் பிள்ளை சோதனைக் கருவியும் உணவும் வைத்திருக்க அனுமதி: இவை உண்டா என்று கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு திரும்பாது எழுத்திலே வாங்குங்கள். எழுதித்தர மறுக்கும் பாடசாலை எதுவாயினும் எமக்கு அறிவியுங்கள்.