தண்ணி ரெடி, மீன் வெயிட்டிங்!

தொட்டி வாங்கின அன்னிக்கே மீனையும் விட்டுடாதீங்க. மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாவும், அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா செட் ஆக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஃபில்டர் ஓடட்டும். தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்க.

செடி? ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். குறைஞ்ச வெளிச்சமே போதும். அடித்தண்டை மணல்ல புதைச்சா அழுகிடும். மரக்கட்டையில நூலால கட்டுங்க.

இப்போ மீன்! நம்ம ஊர் சூட்டை நியான் டெட்ராவைவிட ஹார்லெகுவின் ரஸ்போரா நல்லாத் தாங்கும். 2 அடித் தொட்டிக்கு எட்டு வாங்குங்க. ஒண்ணு ரெண்டுன்னா, ஹாஸ்டலுக்கு வந்த ஃபர்ஸ்ட் இயர் மாதிரி மூலையில ஒளிஞ்சுக்கும். கூடவே டைகர் பார்ப் வேண்டாம், துடுப்பைக் கடிக்கும். ஏஞ்சலும் வேண்டாம், வளர்ந்தா குட்டி மீன்களையே முழுங்கிடும்!

அரியர் எழுதி பாஸ் பண்ணிடலாம் பாஸ், போன மீன் திரும்பாது!