பறவைக்காகக் கால்வாய் விலகியது, எலிக்கு?

நம்ம ஜவ்வாது மலைக்கு வடக்கே கடப்பா, தென்மேற்கே சேலம். எல்லாம் ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலைதான். அங்கே ஒரு பறவை, இங்கே ஒரு எலி. 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இரண்டுமே இருந்தன. ஆனால் கிடைத்த மரியாதை ஒன்றில்லை.

பறவைக்குத் தெலுங்கில் கலிவிக்கோடி என்று பெயர். ஆங்கிலத்தில் ஜெர்டன்ஸ் கோர்சர். உள்ளான், ஆட்காட்டி போன்ற கரைப்பறவைகளுக்குச் சொந்தம். ஆனா தண்ணீர்ப் பக்கம் போகாது, முட்புதர்க் காட்டில் ராத்திரியில் ஓடித் திரியும். 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிஞ்சுபோச்சு என்றே நினைத்தார்கள். 1986-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தேடி வந்தபோது, உள்ளூர்க்காரர் ஒருவர்தான் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக் கொடுத்தார். அப்புறம் ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயம் வந்தது. சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய்கூட அதற்காகத் தடம் மாறியது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை.

எலியின் கதை இரண்டு வரியில் முடிந்துவிடும். எல்விரா பாறை எலி, 1946-ல் பெயர் வைத்தார்கள். சேலம் மாவட்டம் குரும்பப்பட்டி தவிர வேறெங்கும் பதிவில்லை. அதுக்காக எந்தக் கால்வாயும் விலகவில்லை. பறவைன்னா பார்க்க ஆள் வருது. எலின்னா விவசாயிக்கே முதலில் ஞாபகம் வருவது விஷம்தானே?

புதூர்நாட்டுப் பக்கம் சாமையும் கேழ்வரகும் போடும் கொல்லைகளை ஒட்டியே பாறையும் புதரும் கிடக்கின்றன. கொல்லையில் நஷ்டம் பண்ணுவது வெள்ளெலி, பெருச்சாளி, சுண்டெலி. விஷ உருண்டைக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. எது தின்னாலும் சாகும். புரோமடியலோன் தின்று தள்ளாடுகிற எலியைப் பிடித்துத் தின்னும் கோட்டானுக்கும் அதே கதிதான். நமக்காகக் கூலியில்லாமல் எலி பிடிக்கிற ஆளை நாமே கொல்கிறோம்.

விளைச்சலை எலிக்குத் தாரை வார்க்கச் சொல்லவில்லை. கொல்லைக்குள் கிட்டி வையுங்கள், கோட்டான் உட்காரக் குச்சி நடுங்கள். பாறை இடுக்கில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். மரம், மூலிகை, தேனீயோடு நிறுத்தாமல், மலையில் எத்தனை வகை எலி உண்டு, எது எங்கே வளை தோண்டும், எது பாறையில் தங்கும் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதச் சொல்லி அடுத்த கிராம சபையில் மனு கொடுப்போம்.