துரோணர் வேண்டாம்; டிரில் மாஸ்டர் வேண்டும்!

கற்பிக்க மறுத்த ஆசான் ஒருவன் இருந்தான். மறுத்தவன், தானே முயன்று கற்றுக்கொண்டவனிடம் தட்சிணை மட்டும் தவறாமல் கேட்டான். கேட்டது பொன்னன்று, பொருளன்று. வில்லேந்தும் வலக்கையின் கட்டைவிரல்! கேட்டவன் துரோணன், கொடுத்தவன் வேட்டுவர் குலத்து ஏகலைவன். அரண்மனைப் பிள்ளை அர்ச்சுனனை மிஞ்சும் வில்லாளி காட்டிலே ஒருவன் இருத்தலாகாது. அதற்காகவே அறுபட்டது அவ்விரல்!

கதைதான் இது. கதையை வரலாறென்று நம்புவது நம் வழக்கமன்று. ஆனால், 1985-ஆம் ஆண்டில் இந்திய அரசு சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்க்கென ஒரு விருதை ஏற்படுத்திற்றே, அதற்கு இட்ட பெயர் என்ன? துரோணாச்சாரியார் விருது! விளையாட்டு வீரர்க்கோ 1961 முதல் அர்ச்சுனா விருது. அரண்மனைப் பிள்ளைக்கு ஒன்று. அவனுக்காக விரல் வாங்கிய ஆசானுக்கு ஒன்று. விரல் இழந்தவனுக்கு? கருநாடகமும் மத்தியப்பிரதேசமும் அவன் பெயரால் விருது வைத்தன. தலைநகரத்து விருது மேடையிலோ அவனுக்கு இடமில்லை!

“பெயரிலே என்ன இருக்கிறது?” என்பர் பெரியவர்கள். ஒன்றுமே இல்லையென்றால் மாற்றுவதிலே தயக்கம் ஏன்? 2021-இல் கேல் ரத்னா விருதின் பெயரிலிருந்து ராஜீவ் காந்தி நீக்கப்பட்டு தயான் சந்த் சேர்க்கப்பட்டாரே, வானம் இடிந்தா விழுந்தது? மாற்ற முடியும் என்பதை ஆள்வோரே மெய்ப்பித்துவிட்டனர். மாற்ற மனமில்லை என்பதே எஞ்சி நிற்கும் உண்மை.

விருதின் முதலாண்டிலேயே அதனைப் பெற்றவருள் ஒருவர் ஓ.எம். நம்பியார். கேரளத்துப் பய்யோலிச் சிற்றூரின் ஏழைப் பெண் பி.டி. உஷாவைக் கண்ணூர் விளையாட்டுப் பள்ளியிலே கண்டெடுத்துப் பயிற்றியவர். 1984-இல் லாஸ் ஏஞ்சலீசு நகரிலே, 400 மீட்டர் தடையோட்டத்திலே, நொடியில் நூற்றிலொரு பங்கினால் வெண்கலம் அப்பெண்ணின் கைநழுவிற்று. உலகத்தை வியக்க வைத்த அந்த ஓட்டத்தின் பின்னே நின்ற ஆசானுக்கு நாடு தந்த சிறப்பு, விரல் பறித்தவன் பெயரால் ஒரு பட்டம்! கொடுத்தவரைப் புகழ, பறித்தவன் பெயரா? இதனினும் பெரிய முரண்பாடு வேறுண்டோ?

புராணம் கிடக்கட்டும், நம் சென்னையின் வரலாற்றைப் பாருங்கள். 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க இந்நகரிலே ஒரு பள்ளியைத் தொடங்கினார். தியாகராய நகரை அடுத்த நந்தனத்திலே விரிந்து கிடக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதன் வளர்ச்சியே. 1924-இல் பாரிசு ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு சென்றவரும் அவரே. அங்கே கற்பிக்கப்பட்டது மந்திரமன்று, குருவின் அருளுமன்று. உடல் எப்படி இயங்குகிறது, தசை எப்படி வலுக்கிறது, எவ்வளவு ஓடினால் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்னும் அறிவு! ஊதலும் கடிகாரமும் அளவு நாடாவும் ஏந்திய அந்த ஆசிரியரைத்தான் நம் பிள்ளைகள் ‘டிரில் மாஸ்டர்’ என்றழைத்தனர்.

அவர் கையிலுள்ள கடிகாரத்திற்குக் குலம் தெரியாது, கோத்திரம் தெரியாது. மயிலாப்பூர் மாடவீதிப் பிள்ளைக்கு ஒரு நொடி, சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைக்கு ஒரு நொடி என்று அது அளப்பதில்லை. “அப்படியானால் தகுதிதானே வென்றது?” என்று துள்ளி எழுவோர் உண்டு. பொறுங்கள்! கடிகாரம் அளப்பது ஓட்டத்தை மட்டுமே. முட்டையும் பாலும் உண்டு, முள்செருப்பு அணிந்து வந்தவன் எவன், நீராகாரம் குடித்து வெறுங்காலோடு வந்தவன் எவன் என்பதை அது அளக்காது. அந்த ஏற்றத்தாழ்வை அளப்பவர், அளந்து சமன் செய்ய முனைபவர், பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்.

சான்று வேண்டுமா? பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த சேலத்து மாரியப்பனை உயரம் தாண்டத் தூண்டியவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் அவர் பொன் வென்றார். பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்ட மதுரை ரேவதி, பள்ளிப் போட்டியிலே வெறுங்காலோடு ஓடியவர். பயிற்சியாளர் கண்ணன் கண்ட பின்னர், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தடத்திலே ஓடினார். செங்கற்சூளைத் தொழிலாளர் மகள் புதுக்கோட்டை சாந்தியிடமிருந்தோ, 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனை பறித்தது. கட்டைவிரல் கேட்கும் கை இன்னும் ஓயவில்லை! பறிகொடுத்த சாந்தியோ பயிற்சியாளராகிப் பிறர் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். எவர் ஆசான்? துரோணனா, சாந்தியா?

இத்தகைய ஆசான்களுக்கு நாம் தந்தது என்ன? 2012-இல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்றவற்றைக் கற்பிக்க 16,000-க்கு மேற்பட்டோரைத் தமிழ்நாட்டரசு ‘பகுதிநேரமாக’ அமர்த்திற்று. வாரத்தில் மூன்று அரைநாள். திங்களுக்கு 5,000 ரூபாய்! 2024-இல் அது 12,500 ஆயிற்று. இடையிலே ஆட்சி மாறிற்று. ‘பகுதிநேரம்’ என்னும் பட்டம் மாறவில்லை. பசி மட்டும் முழுநேரம்! நுங்கம்பாக்கத்துக் கல்வித்துறை வளாகத்திலே அவர்கள் போராடியது பதக்கத்திற்காக அன்று, பணி நிலைப்பிற்காக. எவர் ஆட்சியாயினும் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்டே தீரவேண்டும்.

தோழர்களே! மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உங்கள் தெருப் பள்ளிக்குச் செல்லுங்கள். ஓடுதற்கு இடமுண்டா? உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குப் பாடம் விழுங்குகிறதா? நிலையான உடற்கல்வி ஆசிரியர் உண்டா? சோமசுந்தரம் திடல் போன்ற மாநகராட்சித் திடல்களிலே, திடலில்லாப் பள்ளிகளுக்கு நாளும் ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? கேளுங்கள், எழுதிக் கேளுங்கள், கூடிக் கேளுங்கள்!

விருதின் பெயர் மாறட்டும். வகுப்பின் நேரம் காக்கப்படட்டும். ஆசிரியர் வயிறு நிறையட்டும். விரல் கேட்ட ஆசான் ஏட்டிலே கிடக்கட்டும். விரல் பிடித்து ஓடக் கற்பிக்கும் ஆசான் நாட்டிலே நிமிரட்டும்!